எந்தக் காற்று போதவில்லை?

தமயந்திக்குக் கணக்குப் போடத் தாள் வேண்டியதில்லை. கம்ப்ரசரின் நீலநிறத் தொட்டி போதும். எதிரில் நிற்கும் விவசாயி தம் ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தையும் தண்ணீரின் மட்டத்தையும் சொல்லி முடிப்பதற்குள், அந்தத் தொட்டியின் வயிற்றில் சாக்கட்டியால் நான்கு வரி எழுதி, அடியில் ஒரு கோடு கிழித்து, "தண்ணிக்குள்ள நூத்தி அறுவது அடி குழாய் எறக்குங்க. எழுவது பவுண்டு காத்து வைங்க" என்று சொல்லிவிடுவார். சொன்னதும் உள்ளங்கையால் கணக்கை அழிப்பார். அழித்த கையை முந்தானையில் துடைப்பார். அதனால் அவருடைய புடவைகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வெண்மை படிந்திருக்கும்.

"தமயந்தி டேங்குல கோலம் போட்டுகினு இருக்குது" என்பது கடைக்கு வருகிறவர்களின் வழக்கமான கேலி. கேலி செய்தவர்கள் யாரும் அவர் சொன்ன அளவை மாற்றிக் குழாயை இறக்கியதில்லை.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஆந்தைக்குன்று நிற்கிறது. அதன் அடிவாரத்தில் பதினொரு வீடுகளைக் கொண்ட ஒரே ஒரு தெரு. தெருமுனையில் பங்காருவின் கம்ப்ரசர் கடை. நான்காவது வீடு தமயந்தியுடையது. பங்காரு அவருடைய அக்காள் கணவர். "பாவா" என்றுதான் அழைப்பார். அந்த அழைப்பில் மரியாதைக்கும் குறைவிராது; அதற்குப் பின்னால் வருகிற வாய்த்துடுக்குக்கும் குறைவிராது.

அந்த வட்டாரத்துக் கிணறுகளில் தண்ணீர் சன்னமாகத்தான் ஊறும். ஆகவே, தரைமேல் கம்ப்ரசரை நிறுத்திக் குழாய் வழியாகக் காற்றை அடியாழத்துக்குச் செலுத்துவார்கள். காற்றும் தண்ணீரும் கலந்து மேலே பொங்கி வரும். ஒரு பவுண்டுக் காற்று இரண்டேகால் அடிக்குச் சற்று மேலான தண்ணீரைத் தள்ளும் என்பது அந்தத் தொழிலின் வாய்பாடு. அதனைத் தமயந்தி கடைக்கு வந்த முதல் வாரமே மனப்பாடம் செய்துவிட்டார். கணக்கு அவருக்குப் புதிதன்று. பிளஸ் டூவில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று வாங்கியவர். பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, அவருடைய நைனா வீராசாமி கல்யாணப் பத்திரிகையின் மாதிரியோடு காத்திருந்தார். விண்ணப்பத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார் தமயந்தி. அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை என்றார்கள்.

கணவர் காலை வண்டிக்குக் கிளம்பியபின் பகல் முழுவதும் கிடந்தது. பாவாவின் கடையில் தொலைபேசியை எடுத்துப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. தமயந்தி போனார். மூன்றாம் மாதம் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். இருபத்தாறு ஆண்டுகளாகியும் அதனைக் கீழே வைக்கவில்லை.

சென்ற தை மாதந்தான் அவருடைய வீட்டுக்குத் தளம் போட்டார்கள். பத்து ஆண்டு ஓட்டு வீட்டில் இருந்துகொண்டே, ஒவ்வொரு சுவராக எழுப்பிய வீடு அது. ஐப்பசியில் அந்தத் தளத்துக்கு மேலே நின்ற குன்றிலிருந்து ஒரு பாறை புறப்பட்டது.

இரண்டு நாள் மழைக்குப் பின், நடுப்பகலில், எருமை அளவுள்ள அந்தப் பாறை உருண்டுவந்து, அதே தெருவில் இருந்த ஜெயம்மாளின் மாட்டுக்கொட்டகையை நசுக்கியது. மாடு மேயப் போயிருந்தது. "நான் அப்பதான் சாணி வாரிட்டு இப்டி வந்தேன். இன்னும் ரெண்டு தட்டு சாணி இருந்திருந்தா நானும் சாணியாயிருப்பேன்" என்று ஜெயம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எழுபதைத் தொட்ட அந்த அம்மாளுக்கு, பயத்தையும் நகைச்சுவையாகத்தான் சொல்லத் தெரியும்.

அதிகாரிகள் வந்து குன்றைப் பார்த்தனர். முடிவைத் தெளிவாகவே சொன்னார்கள். குன்றின் முகத்தில் தளர்ந்திருக்கும் பாறைகளை ஆள்வைத்துத் தள்ளிவிடுவார்கள். அதன்பின் வருகிற முதற்பெருமழையில் ஒரு கல்லேனும் தெருவுக்கு இறங்கினால், பதினொரு குடும்பங்களுக்கும் மூன்று ஊர் தள்ளி வேறு மனை கொடுக்கப்படும். ஆந்தைக்குன்றுத் தெரு இராது.

தமயந்தி அன்று மாலை மாடிக்குப் போய், புதுத்தளத்தின்மேல் வெறுங்காலோடு நின்றார். சிமெண்டில் இன்னமும் புதுவாசனை இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தார்கள். அருண்பாண்டியன் என்பவர் பொறியாளர். இஸ்ரேல் என்பவர் கயிற்றில் தொங்கிப் பாறை தள்ளுகிற குழுவின் தலைவர். வியாழக்கிழமை புயல் மழை என்று வானிலை அறிவிப்புச் சொல்லியிருந்தது. இருந்தவை இரண்டே நாள்கள்.

வேலை முதல் மணி நேரத்திலேயே தடுமாறியது. எந்தப் பாறையில் வெடிப்பு இருக்கிறது என்பது கீழிருந்து பார்த்தால்தான் தெரியும். மேலே தொங்குகிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆகவே கீழே நின்றவர்கள் கத்தினார்கள்.

"சோத்தாங்கை பக்கம்! சோத்தாங்கை பக்கம்!"

காதில் விழவில்லை என்று இஸ்ரேல் கயிற்றிலேயே திரும்பித் தெருவைப் பார்த்தார். திரும்பியதும் அவருடைய வலம் இடமாகிவிட்டது. "யாரு சோத்தாங்கைங்க? உங்குளுதா, என்னுதா?" என்று மேலிருந்து கேட்டார். அரைநாள் கத்தியதன் பலனாக ஒரே ஒரு பாறை கீழே வந்தது. அது நூறு ஆண்டுக்கும் அசையாமல் இருந்திருக்கக்கூடிய நல்ல பாறை.

"நல்லவன புடிச்சி வெளியே தள்ளிட்டீங்களே" என்றார் ஜெயம்மாள்.

அருண்பாண்டியன் கெட்டிக்காரர். சென்னைக்கு அருகில் உள்ள ஒரு விளையாட்டுப் பூங்காவிலிருந்து வண்ணக்குண்டுத் துப்பாக்கி ஒன்றை வரவழைத்தார். ஒருவர்மேல் ஒருவர் வண்ணம் அடித்து விளையாடுவதற்கான கருவி அது. குண்டு என்பது கோலியளவு உருண்டை; மருந்து மாத்திரையின் கூட்டைப் போன்ற மெல்லிய தோல்; உள்ளே தண்ணீரில் கரையும் மஞ்சள் வண்ணம். கீழே நின்று தளர்ந்த பாறைகளின்மேல் அடித்துவிட்டால், இஸ்ரேலுக்குக் கத்தவேண்டிய தேவையே இராது. மஞ்சளைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போகலாம்.

துப்பாக்கி பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. அதனோடு வந்த சிறு காற்றுக்குப்பி காலியாக இருந்தது. அதனை நிரப்பவேண்டுமானால் மீண்டும் சென்னைக்குத்தான் போகவேண்டும்.

"காத்துக்கா பஞ்சம்?" என்று பங்காரு வேட்டியை மடித்துக் கட்டினார். "கம்ப்ரசர் கடை வாசல்லயே நின்னுகினு காத்து இல்லன்னா சிரிப்பாங்க." கம்ப்ரசரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை இழுத்துத் துப்பாக்கியில் பொருத்தினார். தமயந்தி அப்போது வேறொரு கிணற்றுக்குப் போயிருந்தார்.

முதற்குண்டு குழலை விட்டு வெளியேறி, முப்பது அடி போய், முருங்கை மரத்தடியில் மெத்தென்று விழுந்தது. குறியோ நூற்றிருபது அடிக்கு மேலே இருந்தது.

"காத்து பத்தல!" என்றார் அருண்பாண்டியன்.

பங்காரு கம்ப்ரசரின் அளவுமானி முள்ளை அறுபது பவுண்டிலிருந்து நூற்றுக்கு ஏற்றினார். குண்டு முருங்கையைத் தாண்டியது, அவ்வளவுதான்.

"இன்னும் பத்தல!"

நூற்றைம்பதுக்கு ஏற்றினார். இம்முறை குண்டு குழலுக்குள்ளேயே உடைந்தது. அருண்பாண்டியனின் முகமும் பங்காருவின் வெள்ளைச் சட்டையும் மஞ்சளாயின. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதும் உடைந்தது. பெட்டியில் ஐம்பது குண்டுகளே இருந்தன.

அந்த நேரத்தில் தமயந்தி திரும்பி வந்தார். பாவாவின் சட்டையைப் பார்த்தார்.

"இன்னா பாவா, யாரு வூட்டுல விசேஷம்?"

"சும்மா இரு மச்சினி. காத்து பத்தலன்றாரு எஞ்சினியரு. நூத்தம்பது வச்சிட்டேன். இதுக்கு மேல வச்சா டேங்கு நம்மளோட கோச்சிக்கும்."

தமயந்தி துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார். குழலுக்குள் விரல்விட்டார். விரல் ஈரமாக வந்தது. மெல்லிய குழாயைப் பார்த்தார். பிறகு, ஒரு கிணற்றுக்காரரிடம் கேட்பது போலவே அமைதியாகக் கேட்டார்.

"சார், எந்தக் காத்து பத்தல?"

அருண்பாண்டியன் விழித்தார். "எந்தக் காத்துன்னா? காத்துதான்."

"பாவாவும் அதான் சொல்லுவாரு. எங்க தொழில்ல வர்ற தப்பு பாதி இந்த ஒரு வார்த்தையாலதான் சார் வருது." தமயந்தி தொட்டியின் பக்கம் திரும்பினார். "கெணத்துல தண்ணி ஏறலன்னா ஜனங்க காத்து பத்தலன்னுதான் சொல்லுவாங்க. கெணறு ஆழமா இருந்தா, பத்தாதது அழுத்தம். தண்ணி மேல வருது, ஆனா நூலு மாதிரி வருதுன்னா, பத்தாதது அளவு. அழுத்தம் வேற, அளவு வேற. ரெண்டையும் ஒரே பேர் வச்சிக் கூப்புட்டா, ஒண்ணு கேட்டா இன்னொண்ணு வந்து நிக்கும்."

சாக்கட்டியை எடுத்தார். தெரு முழுவதும் கடைமுன் கூடிவிட்டது.

"குண்டு எவ்ளோ எடை?"

"மூணு கிராம்" என்றார் அருண்பாண்டியன், பெட்டியைப் பார்த்து.

"எவ்ளோ வேகம் போகணும்?"

"நொடிக்குத் தொண்ணூறு மீட்டர். அதுக்கு மேல போனா குண்டே தாங்காது."

தமயந்தி பிளஸ் டூவில் படித்த இயக்க ஆற்றலின் சூத்திரத்தை மறந்திருக்கவில்லை. நிறையில் பாதி, வேகத்தின் இருமடி. பெருக்கினால் பன்னிரண்டு ஜூல். குழலின் நீளத்தைக் கையால் அளந்தார். ஒரு சாணும் ஒரு விரலுமாக இருபத்தைந்து சென்டிமீட்டர். அந்தத் தொலைவுக்குள் பன்னிரண்டு ஜூலையும் கொடுக்கவேண்டுமானால், குண்டை ஐந்து கிலோ விசை தள்ளவேண்டும். குழலின் துளை பதினேழு மில்லிமீட்டர். அதன் பரப்பு இரண்டேகால் சதுர சென்டிமீட்டர். ஐந்தை இரண்டேகாலால் வகுத்தார். வந்த விடையைப் பவுண்டுக்கு மாற்றினார். அடியில் கோடு கிழித்தார்.

"முப்பது" என்றார்.

"இன்னா முப்பது?" என்றார் பங்காரு.

"முப்பது பவுண்டு, பாவா. குழலுக்குள்ள சராசரியா முப்பது இருந்தா போதும். நீங்க வச்சது நூத்தம்பது."

கூட்டம் சிரித்தது. "ஏய், அது காரு டயருக்கு அடிக்கிற காத்துடி!" என்றார் ஜெயம்மாள்.

"ஆங், அதேதான் சின்னம்மா. மலைமேல அடிக்க டயர் காத்து போதும்." தமயந்தியும் சிரித்தார். "ஆனா அது இருக்க வேண்டிய எடத்துல, இருக்க வேண்டிய நேரத்துல, வேண்டிய அளவு இருக்கணும். அங்கதான் இந்தக் குழாய் தோத்துப்போவுது."

அடுத்த வரிகளைச் சற்று மெதுவாக எழுதினார். குண்டு குழலைக் கடக்கும் நேரம் ஒரு நொடியில் நூற்றெண்பதில் ஒரு பங்கு. அதற்குள் குழலின் கொள்ளளவு முழுவதையும் நெருக்கிய காற்று நிரப்பவேண்டும். அந்தக் கணத்தில் ஓட்டத்தின் வீதம், வெளிக்காற்றாகக் கணக்கிட்டால், நொடிக்கு முப்பது லிட்டர். பங்காருவின் கம்ப்ரசரோ நொடிக்கு ஐந்து லிட்டருக்கு மேல் தராது. மெல்லிய குழாய் அதையும் தடுத்துவிடும். முள் எத்தனை காட்டினாலும், குண்டின் முதுகுக்கு வந்து சேர்வது ஒரு பெருமூச்சுதான்.

"அப்போ குண்டு ஏன் ஒடையுது?" என்று அருண்பாண்டியன் கேட்டார். முகத்து மஞ்சளைத் துடைக்கவும் மறந்திருந்தார்.

"தண்ணி சார். மழைக்காலத்துல டேங்கு அடியில தண்ணி சேரும். காத்தோட அதுவும் வருது. மாத்திரைய ஈரக்கையில புடிச்சா இன்னா ஆவும்? தோலு ஊறிப்போச்சி. ஊறினத நூத்தம்பதால குத்தினா ஒடையாம இன்னா பண்ணும்?" குனிந்து தொட்டியின் அடித்திருகைத் திறந்தார். பழுப்புநிறத் தண்ணீர் ஒரு சொம்பளவு பீறிட்டு வந்து பங்காருவின் செருப்பை நனைத்தது.

"காலைல தொறந்து வுடுங்கன்னு இருபது வருசமா சொல்லிகினு இருக்கேன் பாவா."

பங்காரு செருப்பைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். "இன்னிக்கு எனுக்கு நேரம் சரியில்ல" என்றார்.

தீர்வு எளியது. ஓடிவருகிற காற்றை நம்பக்கூடாது; குழலின் கழுத்திலேயே காற்றைச் சேமித்து வைத்து, ஒரே கணத்தில் அவிழ்த்துவிடவேண்டும். கால் லிட்டர் காற்று, நாற்பத்தைந்து பவுண்டு. குழலுக்குள் விரிந்தபிறகும் அது முப்பதுக்குக் கீழே இறங்காது. இரண்டங்குலக் குழாயில் ஐந்தங்குலத் துண்டு அதற்குச் சரியாக இருக்கும்.

பங்காரு உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்துவந்தார்.

"அது தண்ணிக்கு, பாவா. காத்துக்கு ஆவாது. ஒடஞ்சா தண்ணி கொட்டிட்டுப் போயிடும். காத்து வெடிச்சிச் சிதறும். இரும்பு எடுங்க."

இரும்புத் துண்டுக்கு இரு முனையிலும் மூடி முறுக்கி, ஒரு முனையில் கைப்பிடி வால்வும் அதற்கு முன்னால் துப்பாக்கியின் குழலும் பொருத்தினார்கள். வேகம் காட்டும் சிறுகருவி ஒன்று துப்பாக்கியோடு வந்திருந்தது. தமயந்தி கைப்பிடியை வெடுக்கென்று திருகினார். குண்டு பறந்தது. கருவி நாற்பத்தொன்று என்று காட்டியது.

தொண்ணூறு எங்கே, நாற்பத்தொன்று எங்கே! கூட்டத்தில் ஒருவர் "ச்சு" கொட்டினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தமயந்தி தொட்டியில் எழுதிய கணக்கை மேலிருந்து கீழாக மீண்டும் படித்தார். எண்ணில் பிழை இல்லை. அப்படியானால் பிழை கையில்தான் இருக்கவேண்டும். வால்வு பாதி திறப்பதற்குள்ளேயே குண்டு கிளம்பிவிடுகிறது; மீதிக் காற்று காலிக்குழலில்தான் பாய்கிறது.

"என் கை சோம்பேறி, சார்" என்றார். "கைய விட அவசரக்காரன் ஒருத்தன் வேணும்."

அந்த அவசரக்காரன் பாவாவின் மாந்தோப்பில் இருந்தான். சொட்டுநீர்ப் பாசனத்தின் தலைமைக் குழாயில் ஓர் இரும்பு வால்வு. உள்ளே ரப்பர் சவ்வு. சவ்வின் மேற்புறத்து அழுத்தத்தை விடுவித்தால் போதும், கண்ணிமைக்கும் முன்னே எழும்பிவிடும். பங்காரு மறுபேச்சின்றித் தோப்புக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினார். அவர் வாழ்நாளில் மச்சினியிடம் விளக்கம் கேட்காமல் கிளம்பியது அதுவே முதன்முறை.

புதன்கிழமை விடிந்ததும் வால்வைப் பொருத்தினார்கள். முள் நாற்பத்தைந்தில் நின்றது. தமயந்தி காய்ந்த துணியால் குண்டைத் துடைத்துக் குழலில் இட்டார், விசையை அழுத்தினார். "டப்" என்று ஒரே ஓசை. அருண்பாண்டியன் கருவியைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார்.

"இன்னா சார், எவ்ளோ?"

"எண்பத்தெட்டு" என்றார். பிறகு கத்தினார்: "அக்கா, எண்பத்தெட்டு!"

பதினொரு வீட்டாரும் ஒரே குரலாகக் கூவினார்கள். குன்றின்மேல் இருந்த பறவைகள் கிளம்பிப் பறந்தன.

குறி சொல்லும் பொறுப்பை ஜெயம்மாள் எடுத்துக்கொண்டார். ஐம்பது ஆண்டு அந்தக் குன்றைப் பார்த்தபடியே சாணி தட்டியவர் அவர். எந்தக் கல்லில் எந்த ஆண்டு வெடிப்பு விழுந்தது என்பது அவருக்கு மனப்பாடம். அருண்பாண்டியன் தொலைநோக்கியால் சரிபார்த்துக் குழலைத் திருப்பினார். தமயந்தி அழுத்தினார்.

"அதோ, தவள மாதிரி குந்திகினு இருக்குதே, அவன அடி!"

டப். தவளையின் நெற்றியில் மஞ்சள் பூத்தது.

"அவனுக்குப் பக்கத்துல மூக்கு நீட்டிகினு இருக்கான் பாரு. உங்க பாவா மாதிரி. அவனயும் வுடாத!"

"சின்னம்மா, என்னய எதுக்கு இழுக்குறே?" என்று பங்காரு கேட்டு முடிப்பதற்குள் மூக்கும் மஞ்சளாயிற்று.

பத்தொன்பது பாறைகளுக்கு இருபத்துமூன்று குண்டுகள் செலவாயின. நான்கு மட்டும் குறி தவறி, குன்றோடு ஒன்றியிருந்த பெரும்பாறையில் பட்டுத் தெறித்தன. மேலிருந்து இஸ்ரேல் கயிற்றில் இறங்கினார். இம்முறை யாரும் வலமென்றும் இடமென்றும் கத்தவில்லை. மஞ்சளைக் கண்டார், கடப்பாரையைச் சொருகினார், நெம்பினார். பாறைகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்கும் குன்றுக்கும் நடுவே வெட்டிய பள்ளத்தில் இடியோசையோடு விழுந்தன. மாலை ஐந்து மணிக்குப் பத்தொன்பதாவது விழுந்தது. இஸ்ரேல் கீழே இறங்கியதும் நேராகத் தமயந்தியிடம் வந்தார்.

"பதினாறு வருசமா தொங்கிகினு இருக்கேன்மா. மலை எனுக்கு இப்டி கை காட்டி வழி சொன்னது இதான் மொதல் தடவ."

வியாழக்கிழமை நண்பகலில் மழை பிடித்துக்கொண்டது. அதிகாரிகள் சொன்னபடி பதினொரு குடும்பங்களும் பள்ளிக்கூடத்தில் தங்கின. தொலைவில் திருத்தணிப் பெரியமலையின் கோயிலும் படிகளும் மழைத்திரைக்குப் பின்னே மறைந்துபோயின. தமயந்தி சன்னலோரம் நின்று, ஓசைகளுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். மழை, காற்று, தகரம். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காததனாலேயே ஒன்றும் நேரவில்லை என்று எண்ணிவிட முடியாது. பள்ளிக்கூடம் தொலைவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டது. அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியபோது, தெருவே அவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. முதலில் போனவர் ஜெயம்மாள். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தைத் தாண்டி, குன்றின் அடிவாரத்தில் போய் நின்றார். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"இன்னாம்மா, ஏதாவது எறங்கியிருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆங், எறங்கியிருக்குது" என்றார் ஜெயம்மாள்.

தமயந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார்.

பெரும்பாறையிலிருந்து மெல்லிய மஞ்சள்நிறக் கோடு ஒன்று வளைந்து வளைந்து இறங்கி வந்திருந்தது. குறி தவறிய நான்கு குண்டுகளின் வண்ணம், மழையில் கரைந்து, புல்லுக்குள் புகுந்து, தெருவின் ஓரத்தில் ஒரு சிறு குட்டையாகத் தேங்கி நின்றது. ஒரு கூழாங்கல்கூட இறங்கவில்லை.

"பாத்துக்கோங்க சார்" என்றார் ஜெயம்மாள், இடுப்பில் கைவைத்து. "எங்க மலை கல்லு அனுப்பல. மஞ்சத்தண்ணி ஊத்தி திருவிழாவ முடிச்சிடுச்சி!"

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தபடியே கோப்பைத் திறந்து, ஆந்தைக்குன்றுத் தெரு இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று எழுதினார். பங்காரு அந்த மஞ்சள் தண்ணீரைக் கையில் அள்ளித் தம் வெள்ளைச் சட்டையில் தாமே தெளித்துக்கொண்டார். பிறகு தமயந்தியின்மேலும் தெளித்தார். அடுத்த கணம் தெருவில் யாருடைய துணியும் அதன் பழைய நிறத்தில் இல்லை.

கடைக்குத் திரும்பியதும் தமயந்தி வழக்கம்போலக் கணக்கை அழிக்கக் கையைத் தூக்கினார். பங்காரு குறுக்கே வந்து தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"கைய எடு மச்சினி. இது நம்ம தெருவோட பட்டா."

தமயந்தி கையை இறக்கினார். சாலையில் ஒரு விவசாயி சைக்கிளை நிறுத்தி, கிணற்றில் காத்து பத்தவில்லை என்றார். பங்காரு தொட்டியை விட்டு நகராமல், மச்சினி வாய் திறப்பதற்கு முன்பாகவே, கம்பீரமாகக் கேட்டார்:

"எந்தக் காத்து?"